பகுதிப் பத்திரிகைகள் ஏன் பள்ளத்தையும் குப்பையையும் எழுதுகின்றன?

சென்னையில் இலவசமாக வரும் பகுதிப் பத்திரிகைகள் பெரிய அரசியலை விட்டு நடைபாதை, குப்பை என்றே ஏன் எழுதுகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். அவற்றின் எல்லையே சிறியது, அதுதான் காரணம். 1994-இல் தொடங்கிய மயிலாப்பூர் டைம்ஸுக்கு மயிலாப்பூரும் அதைச் சுற்றிய தெருக்களும்தான் உலகம்.

2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்து 200 வார்டுகளானது. இவ்வளவு பெரிய ஊரில், மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிய பள்ளம் ஒன்று மாதக்கணக்கில் மூடாமல் கிடப்பது நாளிதழுக்குச் செய்தியே இல்லை. ஆனால் அதன்மேல் பலகை போட்டு, தாத்தாவைக் கைத்தாங்கலாக ஆட்டோவுக்கு அழைத்துப் போகிற வீட்டுக்கு அதுதான் தலைப்புச் செய்தி. 2016 முதல் 2022 வரை மாநகராட்சியில் கவுன்சிலர்களே இல்லாத காலத்தில் இப்படி ஒரு படமும் நாலு வரியும் அச்சில் வந்ததற்குத் தனி மதிப்பு உண்டு என்பேன்.

சரி, எதை விடுகிறார்கள்? பத்திரிகை இலவசம், செலவுக்கு விளம்பரம்தான். டியூஷன், கேட்டரிங், வாடகைக்கு வீடு என்று விளம்பரம் தருபவரும் அதைப் படிப்பவரும் பெரும்பாலும் அடுக்ககவாசிகள். அதனால் பார்க்கிங் தகராறுக்குக் கிடைக்கும் இடம், லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கும் குப்பத்துப் பெண்களுக்கு எளிதில் கிடைப்பதில்லை. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது. உங்கள் தெருவுக்குப் பக்கத்தில் அப்படி ஒரு குப்பம் இருந்தால், அங்குள்ள பிரச்சினையையும் படத்தோடு ஆசிரியருக்கு எழுதி அனுப்புங்கள். அப்புறம், மாநகராட்சியின் உதவி எண்ணான 1913-க்கு அழைத்துப் புகார் எண்ணையும் வாங்கிச் சேர்த்துவிடுங்கள்.