ஓடிபி சொல்லல, கார்டும் இல்ல, அப்பா பணம் எப்படிப் போச்சு?

கேள்வி: அப்பாவுக்கு 71 வயசு, விவசாயி. ரெண்டு நாள்ல பத்தாயிரம் பத்தாயிரமா 20,000 ரூபா அக்கவுண்ட்ல இருந்து போயிருக்கு. ஏடிஎம் கார்டே வாங்கினதில்ல. முந்தாநாள் பாஸ்புக் என்ட்ரி போட்டப்பதான் தெரிஞ்சது. பேங்க்ல கேட்டா "யாருக்காவது ஓடிபி சொல்லியிருப்பாரு"ன்றாங்க. என்ன பண்றது?

பதில்: உங்க அப்பா மேல தப்பு இல்லீங்க, அவரைத் திட்டாதீங்க. பாஸ்புக்ல அந்த வரியில ஏஇபிஎஸ் (AEPS)னு இருக்கான்னு பாருங்க, இருந்தா அது ஆதார் மூலமா எடுத்த பணம். அதுக்கு ஓடிபியும் வேணாம், பின் நம்பரும் வேணாம். ஆதார் நம்பர், பேங்க் பேரு, கைரேகை மூணும் இருந்தா போதும், ஒரு தடவைக்கு பத்தாயிரம் வரைக்கும் எடுக்கலாம். பேங்க் இல்லாத ஊர்ல வயசானவங்க பஸ் ஏறி அலையாம மளிகைக் கடையிலயே பணம் வாங்கட்டும்னு வந்த ஏற்பாடு, நிஜமாவே நல்ல ஏற்பாடுதான். ஆனா பின் நம்பர் திருடு போனா மாத்திக்கலாம், விரலை எங்க போய் மாத்தறது? பத்திரப் பதிவு நகல்ல இருக்கற பெருவிரல் ரேகையை சிலிகான்ல அச்செடுத்து பணம் எடுத்த கும்பல்களை பல மாநிலத்துல போலீஸ் புடிச்சிருக்காங்க.

அதைவிட நான் அதிகமா பாக்கறது கடைக்காரர் தில்லுமுல்லு. "ரேகை விழல பெரியவரே, இன்னொரு தடவை வைங்க"ன்னு மூணு தடவை வைக்கச் சொல்வான், ஒவ்வொரு தடவையும் பணம் போயிருக்கும், இவர் கைக்கு ஒரு தடவை பணம்தான் வரும். எல்லா கடையும் அப்படி இல்ல, ஆனா ரசீது தராத கடையில விரலே வைக்க விடாதீங்க, விழலன்னு சொன்னா அந்த விழாத ரசீதையும் கேட்டு வாங்கணும். அப்பா கடைசியா எங்க விரல் வச்சாருன்னு பொறுமையா கேளுங்க.

இப்ப உடனே சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930-க்கு போன் போட்டு புகார் நம்பர் வாங்குங்க. பணமா எடுத்துட்டதால முடக்கறது கஷ்டம், ஆனாலும் அந்த நம்பர் பின்னாடி வேணும். இன்னைக்கே பிராஞ்ச்ல எழுத்து மூலமா புகார் குடுத்து நகல்ல சீல் வாங்குங்க, எந்த மெஷின், எந்த ஏஜென்ட், எந்த ஊருன்னு அதுல கேளுங்க. ரிசர்வ் பேங்க் 2017 ஜூலையில போட்ட சுற்றறிக்கைப்படி, பணம் போனதா பேங்க்ல இருந்து நமக்குத் தகவல் வந்த 3 வேலை நாளுக்குள்ள பேங்க்ல சொல்லிட்டா, மூணாவது ஆள் பண்ண மோசடியில கஸ்டமருக்கு நஷ்டம் கெடையாது, கஸ்டமர் தப்புன்னு நிரூபிக்க வேண்டியதும் பேங்க்தான். கவுண்டர்ல இருக்கறவங்களுக்கே இது தெரியல, பாவம் பெரியவங்களை நாலு தடவை அலைய விடறாங்க, எனக்கு இதுலதான் கோவம் வருது. 30 நாள்ல சரியான பதில் வரலன்னா ரிசர்வ் பேங்க் ஒம்புட்ஸ்மேனுக்கு (பேங்க் மேல வர்ற புகாரை விசாரிக்கறவர்) எழுதுங்க, 14448-ல வழி சொல்வாங்க.

அப்புறம் எம்ஆதார் ஆப்ல பயோமெட்ரிக் லாக் போடுங்க, அதாவது ஆதார்ல கைரேகை வேலை செய்யாம பூட்டி வைக்கறது. ஆனா லாக் போட்டா ரேஷன் கடையிலயும் ரேகை எடுக்காது, 330-னு எரர் காட்டும், கடைக்காரர் உங்க கார்டுல பிரச்சனைன்னு திருப்பி அனுப்பிடுவாரு. பயப்பட வேணாம், க்யூவுல நிக்கும்போது ஆப்ல தற்காலிகமா அன்லாக் பண்ணினா 10 நிமிஷம் திறந்திருக்கும், அதுக்குள்ள வாங்கிட்டு வந்துடலாம், தானாவே மறுபடி லாக் ஆயிடும். க்யூ நீளமா இருந்தா முன்னாடியே அன்லாக் பண்ணாதீங்க, உங்க முறை வரும்போது பண்ணுங்க. பென்ஷனுக்கு லைஃப் சர்டிபிகேட்ல விரல் வைக்கும்போதும் இதேதான். இதுக்கு ஆதார்ல போன் நம்பர் இருக்கணும், இல்லன்னா மொதல்ல ஆதார் சென்டர் போய் சேத்துட்டு வாங்க.

புகார் குடுத்ததும் "பணத்தை மீட்டுத் தர்றோம், 2,000 கட்டுங்க"ன்னு எவனாவது கூப்பிடுவான். கட் பண்ணிடுங்க, 1930-ல இருந்து யாரும் பீஸ் கேக்க மாட்டாங்க.