பரேசி ஏன் மிலானை விட்டுப் போகவில்லை? – கேள்வி பதில்

ஃபிராங்கோ பரேசியைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். அவரைத் தெரியாதவர்களுக்கு: 1978 முதல் 1997 வரை இத்தாலியில் ஏசி மிலான் என்ற ஒரே அணிக்கு ஆடிய டிஃபெண்டர், அதில் 15 சீசன் கேப்டன். மிலானுக்காக 719 ஆட்டங்கள். நான் ஸ்டாப்பர், அதாவது நடு டிஃபெண்டர், ஆட ஆசைப்பட்டதற்கே அவர்தான் காரணம்.

கேள்வி: அண்ணா, மிலான் பணக்கார கிளப். கோப்பைகளும் வரிசையாக வந்தன. அங்கேயே இருந்ததில் என்ன பெரிய விசுவாசம்?

கோப்பைகள் வரிசையாக வந்தது பிற்பாடு, தம்பி. அதற்கு முன்னால் நடந்ததைப் பாருங்கள். 1979இல் மிலான் லீக் சாம்பியன். பரேசிக்கு வயது 19 கூட முழுதாக ஆகவில்லை. அடுத்த வருடமே டோட்டோநேரோ என்ற சூதாட்ட விவகாரம் வெடித்தது. ஆட்டத்தின் முடிவை முன்கூட்டியே பேசிவைத்துப் பந்தயம் கட்டிய வழக்கு அது. தண்டனையாக மிலானை இரண்டாம் டிவிஷனுக்கு, அதாவது சீரி பி-க்கு, இறக்கிவிட்டார்கள். ஒரே வருடத்தில் ஏறி வந்தார்கள். 1982இல் மறுபடியும் இறங்கினார்கள். இந்த முறை தண்டனை எதுவும் இல்லை, மோசமாக ஆடியே இறங்கினார்கள். அந்த சீசனில் பரேசி ரத்த சம்பந்தமான நோயால் சில மாதங்கள் ஆடவே இல்லை.

அதே 1982 கோடையில் இத்தாலி உலகக்கோப்பை வென்றது. பரேசி அந்த அணியில் இருந்தார். உலகக்கோப்பைப் பதக்கத்தோடு ஊர் திரும்பிய 22 வயதுப் பையனுக்கு அடுத்த மாதங்களில் சீரி பி-யின் சின்னச் சின்ன ஊர் மைதானங்கள். மிலானில் அவரோடு டிஃபென்ஸில் நின்ற கொலோவாட்டி அதே ஊர் எதிரியான இண்டருக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு ஆயிரம் காரணம் இருந்திருக்கும். பரேசி இருந்தார். கேப்டன் பட்டையைக் கட்டிக்கொண்டு அணியை மேலே கொண்டுவந்தார். தொழிலதிபர் பெர்லுஸ்கோனி கிளப்பை வாங்கிப் பணத்தைக் கொட்டியது 1986இல்தான். அதற்குள் பரேசி எட்டு வருடம் ஆடி முடித்திருந்தார்.

கேள்வி: இண்டர் அவரை வேண்டாம் என்று திருப்பி அனுப்பியது உண்மையா?

உண்மை. ஆள் பொடியன் என்று சொல்லி விட்டுவிட்டார்கள். அண்ணன் ஜுசெப்பே அங்கேதான் இருந்தார். பின்னாளில் அண்ணன் இண்டருக்குக் கேப்டன், தம்பி மிலானுக்குக் கேப்டன். மிலானில் தம்பிக்கு வைத்த செல்லப்பெயர் 'பிஷினின்'. அந்த ஊர் பேச்சில் பொடியன் என்று அர்த்தம். பதினெட்டு வயதுக்குள் தாய் தந்தை இருவரையும் இழந்தவர் அவர். கிளப் அவருக்கு வீடு மாதிரி ஆனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கேள்வி: அவர் அதிகம் பேசவே மாட்டாராமே. பேசாத ஆள் எப்படி 15 வருடம் கேப்டனாக இருக்க முடியும்?

பின்வரிசையில் நிற்கிறவனுக்கு மைதானம் முழுக்கக் கண்ணுக்கு முன்னால் தெரியும். அவன் எங்கே நிற்கிறான் என்பதே மற்றவர்களுக்குக் கட்டளைதான். பரேசி இரண்டு அடி முன்னே வைத்தால் பக்கத்தில் நிற்கிற மூன்று பேரும் வைப்பார்கள். சட்டை வெளியே தொங்க, வலது கையைத் தூக்கி லைன்ஸ்மேனைப் பார்த்துக்கொண்டே முன்னால் ஓடுவார். அந்தப் படம் என் மனதில் அப்படியே இருக்கிறது. எங்கள் ஊர் டீமில் எனக்கு வாய்த்த கேப்டன்கள் ஆட்டம் முழுக்கக் கத்துவார்கள். அரை மணி நேரம் போனால் யார் காதிலும் விழாது.

கேள்வி: சாக்கியின் ஆஃப்சைடு பொறி என்கிறார்களே, அது எப்படி வேலை செய்தது?

பந்தை அடிக்கும் நொடியில் எதிரணி ஃபார்வர்டு நம் கடைசி டிஃபெண்டரைத் தாண்டி நின்றால் ஆஃப்சைடு, அந்தப் பந்து செல்லாது. வரிசையாக முன்னே ஏறி அவனை அப்படிச் சிக்கவைப்பதுதான் பொறி. சாக்கி வரும்வரை இத்தாலியில் ஒவ்வொரு டிஃபெண்டருக்கும் ஒரு ஆள். அவனை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். எல்லோருக்கும் பின்னால் தப்பி வருவதைப் பெருக்கித் தள்ள ஒருவர், லிபெரோ. பரேசி வளர்ந்தது அந்த இடத்தில்தான். 1987இல் மிலானுக்குக் கோச்சாக வந்த அரிகோ சாக்கி நால்வரையும் ஒரே வரிசையில் நிறுத்தினார். தசோட்டி, கோஸ்டாகுர்ட்டா, பரேசி, மால்டினி. நாடே கொண்டாடிய பரேசியைக் கூப்பிட்டு, பார்மாவில் தன்னிடம் ஆடிய சினியோரினியின் வீடியோவைப் பார்த்துக் கற்றுக்கொள் என்றாராம். பரேசி பார்த்தார், கற்றுக்கொண்டார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்த இடம் இது.

சூட்சுமம் இதுதான். எதிராளி பந்தோடு தலை குனிந்திருக்கிறான், நம் ஆள் அவனை நெருக்குகிறான் என்றால் அவனால் நீளமாக அடிக்க முடியாது. அப்போது வரிசை முன்னே ஏறும். அவன் தலை நிமிர்ந்து, முன்னால் யாரும் இல்லாமல் நின்றால் வரிசை பின்னே இறங்கும். இந்த முடிவை அரை நொடியில் எடுத்தவர் பரேசி. சாக்கி ஒரு பயிற்சி வைத்தார். கோல்கீப்பரோடு சேர்த்து இந்த ஐந்து பேருக்கு எதிராக, மிலானின் நட்சத்திரங்கள் குல்லிட், வான் பாஸ்டன் உட்பட பத்துப் பேர். 15 நிமிடத்தில் ஒரு கோல் அடிக்க வேண்டும். பந்தை இழந்தால் அந்தப் பத்துப் பேரும் தங்கள் பாதியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். ஒரு தடவைகூட அடித்ததில்லை என்று சாக்கியே சொல்லியிருக்கிறார்.

கேள்வி: பரேசியா, மால்டினியா? ஒரே வரியில் சொல்லுங்கள்.

பரேசி. ஆனால் ஒரு வரியோடு விட மனமில்லை. 2009 மே மாதம் மால்டினி சொந்த மைதானத்தில் ஆடிய கடைசி ஆட்டத்தில் ரசிகர்களில் ஒரு கூட்டம் பரேசியின் 6ஆம் எண் சட்டையைப் பெரிதாக விரித்து, ஒரே ஒரு கேப்டன்தான் என்று கோஷம் போட்டது. பரேசியை நேசிக்கிற எனக்கே அது வலித்தது. வாழ்நாள் முழுக்க மிலானுக்கு ஆடிய இன்னொரு மனிதருக்கு அன்று அப்படிச் செய்திருக்கக் கூடாது.

கேள்வி: 1982 பதக்கம் இருக்கிறதே, அப்புறம் ஏன் 1994 உலகக்கோப்பைத் தோல்விக்கு அவ்வளவு அழுதார்?

1982இல் அவர் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. அந்த இடத்தில் ஷிரேயா இருந்தார். 1986இல் அணியிலேயே எடுக்கவில்லை, அண்ணன் ஜுசெப்பே போனார். 1990இல் சொந்த மண்ணில் அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் பெனால்டியில் தோல்வி. அன்று இத்தாலியின் முதல் பெனால்டியை அடித்து கோலாக்கியவர் பரேசி. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1994இல் அவருக்கு வயது 34. ஜூன் 23 அன்று நார்வேக்கு எதிரான ஆட்டத்தில் முட்டிக்குள் இருக்கும் மெனிஸ்கஸ் கிழிந்தது. நியூயார்க்கில் அறுவை சிகிச்சை. அவ்வளவுதான், இனி அடுத்த வருடம்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஜூலை 17 அன்று, 24 நாள் கழித்து, இறுதிப்போட்டியில் கேப்டனாக இறங்கினார். கோஸ்டாகுர்ட்டா தடையில் இருந்ததால் நடுவில் துணைக்கு மால்டினி. எதிரில் பிரேசிலின் ஃபார்வர்டுகள் ரொமாரியோ, பெபெட்டோ. பாசடீனாவில் கொளுத்தும் மதிய வெயில். நமக்கு இங்கே நள்ளிரவு தாண்டி ஒரு மணி. தூக்கம் வராமல் பார்த்தேன். ரொமாரியோவின் காலிலிருந்து பந்தை உருவி எடுப்பார், எழுந்து நிற்பார், அடுத்த பந்துக்கும் அங்கே இருப்பார். கடைசியில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு தரையில் விழுந்தார். 120 நிமிடம், 0-0.

முதல் பெனால்டி அவருடையது. பந்து கம்பத்துக்கு மேலே பறந்தது. முகத்தைக் கையால் மூடிக்கொண்டு மண்டியிட்டார். நம் அணியின் மசாரோ அடித்ததை பிரேசில் கோல்கீப்பர் டஃபரெல் பிடித்தார், இத்தாலியின் பாஜியோவும் மேலே அடித்தார், பிரேசில் 3-2. உலகம் பாஜியோவின் பெனால்டியை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறது. பரேசி தேம்பித் தேம்பி அழுதார். முட்டியை அறுத்து மூன்றரை வாரம்தான் ஆகியிருந்தது. அந்தக் காலோடு முதல் ஆளாக நடந்து போனாரே, அதைத்தான் நான் பார்க்கிறேன்.

கேள்வி: இன்றைய விதிகளில் அவருடைய ஆட்டம் எடுபடுமா?

பொறி கொஞ்சம் கஷ்டம். 1990க்கு முன்னால் ஃபார்வர்டு டிஃபெண்டருக்குச் சமமாக நின்றாலே ஆஃப்சைடு. இப்போது சமமாக நின்றால் ஆஃப்சைடு இல்லை. ஆனால் அந்த மாற்றம் வந்த பிறகும் அவர் தளரவில்லை. 1993-94இல் மிலான் 34 லீக் ஆட்டங்களில் அடித்தது வெறும் 36 கோல், வாங்கியது 15. அதை வைத்தே சாம்பியன்.

கேள்வி: சார், என் உயரம் ஐந்தடி எட்டு அங்குலம். ஸ்டாப்பர் ஆட முடியாது என்று கோச் சொல்கிறார்.

பரேசி ஐந்தடி ஒன்பதரை கூட இல்லை. கோச்சோடு சண்டை வேண்டாம். ஹெடரில் தோற்கிற பந்துகள் இருக்கும், அதை ஒப்புக்கொள்ளுங்கள். அவர் எப்போதும் எதிராளிக்கு நேராக நெஞ்சைக் காட்டி நிற்க மாட்டார். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, பாதி திரும்பின நிலை. பந்து எந்தப் பக்கம் போனாலும் முதல் அடி அவருடையதாக இருக்கும். தினமும் பத்து நிமிடம் அந்த முதல் அடியை மட்டும் பழகுங்கள்.

கேள்வி: அவருடைய ஒரே ஒரு ஆட்டம் பார்க்க நேரம் இருக்கிறது. எதைப் பார்க்கலாம்?

1989 ஏப்ரலில் ரியல் மாட்ரிட்டை 5-0 என்று வென்ற ஐரோப்பியக் கோப்பை அரையிறுதி. கோல்களை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் இருபது நிமிடம் பந்தை விட்டுவிட்டு 6ஆம் எண்ணை மட்டும் பாருங்கள். அவர் கை மேலே போகும்போது வீடியோவை நிறுத்தி, இடது ஓரத்தில் மால்டினி எங்கே நிற்கிறார் என்று பாருங்கள்.