சட்டப் படிப்பில் தொழிலாளர் சட்டத்தை எடுத்தால் தொழிற்சங்க வேலைக்கு உதவுமா?

கோலாலம்பூரில் சட்டம் படிக்கிறீர்கள். தொழிலாளர் சட்டத்தை விருப்பப் பாடமாக எடுக்கலாமா, பிறகு சங்க வேலைக்கு அது கைகொடுக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக எடுங்கள். கூடவே, படிக்கும் காலத்திலேயே ஒரு சங்க அலுவலகத்தில் போய் உட்காரத் தொடங்குங்கள்.

காரணம் இருக்கிறது. நியாயமின்றி வேலைநீக்கம் செய்யப்பட்டவர், 1967ஆம் ஆண்டு தொழில்துறை உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவுப்படி 60 நாட்களுக்குள் முறையிட வேண்டும். முதலில் நடப்பது சமரசப் பேச்சு. அந்த அறையில் தொழிலாளிக்காக வழக்கறிஞர் பேச முடியாது, சங்கத்துக்காரர் பேசலாம். வழக்கறிஞருக்கு இடம் கிடைப்பது பிறகு, விவகாரம் தொழில்துறை நீதிமன்றம் போனால்தான்.

நான் சங்கத்தில் பார்த்தவரை, கைவிட்டுப்போகிற வழக்குகள் பெரும்பாலும் இப்படித்தான்: "சும்மா ஒரு கையெழுத்து போடுங்க அண்ணே" என்று நீட்டிய ராஜினாமா கடிதத்தில் போட்டுவிடுகிறார்கள். மேனேஜர் திரும்பக் கூப்பிடுவார் என்று காத்திருந்து, கெடு முடிந்தபின் வருகிறார்கள். மனசு ஆறவே ஆறாது. வேலையிடத்தில் சங்கம் இருந்திருந்தால், அன்று சாயங்காலமே ஒருவர் "எங்க, அந்தக் கடிதத்தக் காட்டு" என்று கேட்டிருப்பார். கட்டாய ராஜினாமாவும் வேலைநீக்கம்தான் என்று வாதிடலாம், ஆனால் நேரத்துக்கு வந்திருக்க வேண்டுமே!

அதே சட்டத்தின் 9ஆம் பிரிவை வரிவரியாகப் படியுங்கள். தொழிலாளர் சார்பில் பேசும் சங்கமாக ஏற்கச் சொல்லி சங்கம் அங்கீகாரம் கேட்டால் முதலாளி 21 நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் விவகாரம் ரகசிய வாக்கெடுப்பு வரை போகலாம். அந்த வாக்குகளை வகுப்பறையில் சேர்க்க முடியாது. ஷிப்ட் முடிந்து வருகிறவர்களிடம் ஒவ்வொருவராகப் பேசித்தான் சேர்க்க வேண்டும்.

வரலாறும் தெரிந்திருக்க வேண்டும். 1948இல் பிரிட்டிஷார் சட்டத்தைத் திருத்தி, வெவ்வேறு தொழில்களின் சங்கங்கள் ஒரே சம்மேளனமாக இணைவதைத் தடுத்தார்கள். எஸ். ஏ. கணபதி தலைமை தாங்கிய அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனம் அதில்தான் பதிவை இழந்தது. மறுவருடம் மே மாதம் புடு சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். தொழில்வாரியாகச் சங்கங்களைப் பிரித்து வைக்கும் கட்டுப்பாடு 2024 செப்டம்பரில்தான் தளர்ந்தது. நீங்கள் படித்து முடித்து வரும்போது புதுச் சங்கங்கள் கட்ட முன்பைவிட வழி இருக்கும்.

மலாயில் மனு எழுதப் பழகுங்கள். அண்ணன்மார் தமிழில் சொல்வதைத் தேதி வாரியாக எழுதிக்கொள்ளும் ஆள் எல்லாச் சங்கத்துக்கும் தேவை.