தையல் போட்ட மய்யித்து – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும். சொந்த ஊர் தருமபுரி. ஓசூரில் வேலை பார்க்கிறேன், உங்கள் தம்பி வயதுதான் இருக்கும். போன மாதம் கம்பெனியில் நடந்த முகாமில் கண்தானத்துக்கும் உடல் உறுப்பு தானத்துக்கும் பதிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை பைக்கில் ஊருக்குப் போனபோது, சாப்பிட உட்கார்ந்த இடத்தில் அட்டையை அம்மீயிடம் காட்டினேன். அப்போது தொடங்கிய அழுகை நான் கிளம்பும்வரை நிற்கவில்லை. சாச்சா (சித்தப்பா), "மய்யித்தில் (இறந்த உடலில்) கத்தி படக்கூடாது, ஹராம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போனால், இதையெல்லாம் இங்கே கேட்காதே என்கிறார். இது உண்மையிலேயே ஹராமா? கண்ணைக் கொடுத்தால் கியாமத் (இறுதித் தீர்ப்பு) நாளில் குருடனாக எழுப்பப்படுவேனா? மூளைச்சாவு என்று சொல்லி உயிருள்ள ஆளையே அறுத்துவிடுவார்கள் என்று அறை நண்பர்கள் வேறு பயமுறுத்துகிறார்கள். அம்மீக்காக அட்டையைக் கிழித்துவிடவா?

பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

வ அலைக்குமுஸ்ஸலாம். உன் சாச்சா சொன்ன அந்த ஒரு வரி வெகுநாளாக என் மனதில் கிடந்து உறுத்திக்கொண்டிருப்பது. அதனால்தான் மற்ற கடிதங்களைத் தள்ளிவைத்துவிட்டு உனக்கு எழுதுகிறேன்.

நான் முஃப்தி இல்லை, ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) கொடுக்கும் தகுதி எனக்குக் கிடையாது. ஆனால் ஆலிம்களிடையே (மார்க்க அறிஞர்களிடையே) இதில் ஒரே கருத்து இல்லை என்பது எனக்குத் தெரியும். தேவ்பந்த் மதரஸா வழி வந்த ஆலிம்களில் பலர் கூடாது என்கிறார்கள். உடல் அல்லாஹ் கொடுத்த அமானிதம், நமக்குச் சொந்தமில்லாததை நாம் எப்படி வஸிய்யத் (உயில்) எழுத முடியும் என்பது அவர்கள் வாதம். சவூதியின் மூத்த உலமாக்கள் குழு 1982லேயே உறுப்பு தானம் கூடும் என்றது. இஸ்லாமிய நாடுகளின் ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) பேரவை 1986ல் அம்மானில் கூடி மூளைச்சாவை ஏற்றது. 1988ல் ஜித்தாவில், இறந்தவரோ வாரிசோ சம்மதித்தால் உறுப்பை எடுத்துப் பொருத்தலாம், விற்கக்கூடாது என்று முடிவு சொன்னது. ஆக, சாச்சா ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளலாம், அது அவர் உரிமை. மறுபக்கம் ஒன்று இருப்பதே தெரியாததுபோல் பேசுவது சரியில்லை.

கியாமத் நாள் பற்றிய உன் கேள்வியைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. விரல் நுனிகளைக்கூட ஒழுங்காக்க நாம் ஆற்றலுடையவர்கள் என்று சூரத்துல் கியாமாவில் அல்லாஹ் சொல்கிறான். மண்ணோடு மண்ணாக மக்கிப்போன உடலை எழுப்புகிறவனுக்கு ஒரு கருவிழி கிடைக்காமல் போய்விடுமா? இதற்குமேல் அதில் பேச ஒன்றுமில்லை.

உன் அறை நண்பர்களுக்கு இதைச் சொல். 1994 உறுப்பு மாற்றுச் சட்டப்படி மூளைச்சாவை நான்கு டாக்டர்கள் சேர்ந்து சோதித்துச் சொல்ல வேண்டும். ஆறு மணி நேரமாவது இடைவெளி விட்டு மறுபடியும் சோதிக்க வேண்டும். அந்த நால்வரில் உறுப்பு மாற்று அறுவை செய்யும் குழுவைச் சேர்ந்தவர் யாரும் இருக்கக்கூடாது. கையில் போன் வைத்திருக்கிற படித்த பிள்ளைகள் இதைத் தேடிப் படிக்காமல் வதந்தி பரப்பலாமா?

சரி, கத்திக்கு வருகிறேன்.

என் நானி (அம்மாவின் அம்மா) கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பெண் மய்யித்துகளுக்கு குஸ்ல் (கடைசிக் குளியல்) கொடுத்தவர். கூலி வாங்கமாட்டார். எந்த நேரத்தில் ஆள் வந்து கதவைத் தட்டினாலும் ஒளூ செய்துவிட்டு (தொழுகைக்குப்போல் கை, கால், முகம் கழுவிவிட்டு) கிளம்பிவிடுவார். நான் கொஞ்சம் வளர்ந்ததும் தண்ணீர் ஊற்ற என்னையும் கூட்டிப்போவார். பெங்களூர் ரோட்டில் லாரி மோதி இறந்த ஒரு பெண்ணை ஒருநாள் அரசு ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தார்கள். கழுத்துக்குக் கீழே தொடங்கி அடிவயிறு வரை சாக்கு தைத்ததுபோல் கனத்த நூலில் தையல். ஒரு காதுக்குப் பின்னாலிருந்து மறு காதுக்குப் பின்னால் வரை தலையில் இன்னொரு தையல். துணியை விலக்கியதுமே அந்தப் பெண்ணின் மகள் மயங்கி விழுந்துவிட்டாள்.

நானி அவளை வெளியே அனுப்பினார். பஞ்சை நீளமாக உருட்டித் தையல் ஓரமாகவே வைத்துக்கொண்டு போனார், அதன்மேல் ஒரு துணி. இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரைத் தன் மணிக்கட்டில் விட்டுச் சூடு பார்த்தார். நான் சொம்பில் மொண்டு ஊற்ற, தண்ணீர் நேராகத் தையலில் விழாதபடி இடது கையைக் குறுக்கே பிடித்துக்கொண்டார். வலிக்கும் என்று நினைத்துத்தான் மய்யித்தைத் தொட வேண்டும் என்பார். கடைசித் தண்ணீரில் கற்பூரம், பிறகு ஐந்து துணி கஃபன். வெளியே வந்தவரை எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். "முகம் நல்லா இருந்துச்சு" என்றார். அவ்வளவுதான். குளிப்பாட்டியவர் மய்யித்தில் கண்ட குறையை வெளியே சொல்லக்கூடாது.

தம்பி, அன்றைக்கு ஜமாஅத்தில் ஒருவர்கூட ஹராம் என்ற சொல்லை எடுக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் பெரியவர்கள் நின்றார்கள், சீக்கிரம் முடித்துக் கொடுங்கள் என்று மட்டும் கேட்டார்கள். இன்றும் அப்படித்தான் நடக்கிறது. தொப்பூர் கணவாயில் லாரி மோதினாலும், காவேரிப்பட்டணம் பக்கம் பைக் சரிந்தாலும் அது போலீஸ் வழக்கு. பிரேதப் பரிசோதனைக்கு நம் சம்மதத்தை யாரும் கேட்பதில்லை. மண்டையைத் திறக்கிறார்கள், நெஞ்சைத் திறக்கிறார்கள், வயிற்றைத் திறக்கிறார்கள். நாம் இன்னா லில்லாஹி சொல்லி உடலை வாங்கிக்கொள்கிறோம். அந்தச் சான்றிதழ் இருந்தால்தான் இன்ஷூரன்ஸ் பணம் வரும் என்று அதற்கும் அலைகிறோம். அலைய வேண்டியதுதான், குடும்பம் பிழைக்க வேண்டும். நான் கேட்பது ஒன்றே ஒன்று. வழக்குக்காகப் படுகிற கத்தியைப் பொறுத்துக்கொள்கிற நாம், ஓர் உயிருக்காகப் படுகிற கத்தியை மட்டும் ஏன் ஹராம் என்கிறோம்?

மூளைச்சாவு அடைகிறவர்களில் விபத்தில் தலையில் அடிபட்டவர்கள் ஏராளம். அவர்கள் உடலில் எப்படியும் கத்தி படத்தான் போகிறது. அந்த உடலிலிருக்கும் நல்ல சிறுநீரகம் டயாலிசிஸ் கட்டிலில் படுத்திருக்கும் ஒருவருக்குப் போகப்போகிறதா, கபருக்குள் போகப்போகிறதா என்பது மட்டும்தான் மிச்சமிருக்கும் கேள்வி. அந்தக் கட்டிலில் நம் ஆட்களும் படுத்திருக்கிறார்கள். மாற்று சிறுநீரகம் கிடைத்தால் வேண்டாம் என்று அவர்களில் யார் சொல்வார்கள்? வாங்குவது கூடும், கொடுப்பது கூடாது என்றால் அதில் நியாயம் எங்கே இருக்கிறது?

"மய்யித்தின் எலும்பை உடைப்பது உயிரோடிருப்பவர் எலும்பை உடைப்பது போன்றது" என்ற ஹதீஸை (நபிமொழியை) சாச்சா எடுத்துக்காட்டுவார். அபூதாவூத் தொகுப்பில் இருக்கிறது, நானும் அதை மதிக்கிறேன். கபர் தோண்டும்போது கிடைத்த எலும்பை ஒருவர் உடைக்கப்போன இடத்தில் சொல்லப்பட்டது என்று விளக்கவுரைகளில் உண்டு. மய்யித்தை அவமதிக்காதே என்பதுதான் அங்கே பேச்சு. நம் ஹனஃபி மத்ஹபின் (சட்டப் பிரிவின்) பழைய நூல்களிலேயே இன்னொரு மஸ்அலா (மார்க்கச் சட்ட விளக்கம்) இருக்கிறது. கர்ப்பிணி இறந்து, வயிற்றில் பிள்ளை அசைந்துகொண்டிருந்தால், தாயின் வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுக்க வேண்டும். உயிருக்காக மய்யித்தில் கத்தி படலாம் என்று டாக்டர்கள் கண்டுபிடித்துச் சொல்வதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்னால் நம் இமாம்கள் சொல்லிவிட்டார்கள்.

அம்மீ அழுததற்கு ஹராமும் ஹலாலும் காரணமாக இருக்காது என்று நினைக்கிறேன். நம் வீடுகளில் மய்யித்தை நாமேதான் குளிப்பாட்டுகிறோம். பெற்றவள் மனதில் அந்தப் பலகையும் அதன்மேல் பிள்ளையின் உடம்பும் வந்திருக்கும். நீயோ சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் அட்டையை வைத்துக் காட்டியிருக்கிறாய். நல்ல காரியம் செய்கிறவனுக்கு அதை எப்போது, எப்படிச் சொல்வதென்று தெரிய வேண்டாமா? அதிலும் ஓசூரிலிருந்து தருமபுரிக்கு அந்த ஹைவேயில் பைக்கில் போய்விட்டு! ஹெல்மெட் போட்டாய் என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. முதலில் அதைப் போடு. முடிந்தால் பஸ்ஸில் போ.

அட்டையைக் கிழித்தாலும் வைத்திருந்தாலும், அப்படி ஒரு நிலை வந்தால் ஐசியூ வாசலில் வீட்டாரிடம்தான் சம்மதம் கேட்பார்கள். அந்த இடத்தில் அம்மீ மாட்டேன் என்றால் உன் அட்டைக்கு மதிப்பில்லை. அதனால் நீ பேச வேண்டியது அம்மீயிடம். உறுப்பு எடுத்த பிறகு ஒழுங்காகத் தைத்துத்தான் தருவார்கள், குஸ்லும் கஃபனும் ஜனாஸா தொழுகையும் எதுவும் நின்றுபோகாது என்று சொல். நேரம் ஆகும் என்பதையும் மறைக்காதே. சோதனை, அறுவை, போலீஸ் வேலை எல்லாம் முடிய ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். சீக்கிரம் அடக்கம் செய்யத் துடிக்கிற நமக்கு அது பெரிய கஷ்டம்தான். வசதியுள்ள ஆஸ்பத்திரிகளில் இரவிலும் பிரேதப் பரிசோதனை செய்யலாம் என்று 2021 நவம்பரில் மத்திய அரசு அனுமதித்தது, உறுப்பு தானம் என்றால் முன்னுரிமையும் உண்டு. விடியும்வரை காத்திருக்கும் நிலை கொஞ்சம் மாறியிருக்கிறது.

கராச்சியில் அப்துல் சத்தார் எதி 2016 ஜூலையில் இறந்தார். அனாதைப் பிணங்களைத் தன் கையால் எடுத்துக் குளிப்பாட்டி அடக்கம் செய்த மனிதர். எல்லா உறுப்பையும் கொடுக்க விரும்பினார், உடம்பு கெட்டிருந்ததால் கருவிழிகளை மட்டுமே எடுக்க முடிந்தது. அவரைப் பற்றி அம்மீயிடம் சொல், கேட்பார்கள்.

முதலில் கண்ணைப் பற்றி மட்டும் பேசு. அதற்கு மூளைச்சாவு தேவையில்லை, வீட்டில் வயதாகி இறந்தவரும் கொடுக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் சொல்லி அனுப்பினால் கண் வங்கிக்காரர்கள் வீட்டுக்கே வந்து அரை மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார்கள். குஸ்லுக்குத் தண்ணீர் காய்வதற்குள் வேலை ஆகிவிடும், முகமும் மாறாது. உறுப்பு பற்றிய பேச்சு ரமலானுக்குப் பிறகு இருக்கட்டும். ஹஜ்ரத்திடம் மறுபடி போய் அந்தக் கர்ப்பிணி மஸ்அலாவைக் கேள், சாச்சாவையும் கூடவே அழைத்துக்கொண்டு போ. ஹஜ்ரத் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.