டர்பனுக்கு வரும் அம்மாவின் மருந்துப் பை
வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

டிசம்பர் விடுமுறைக்குத் தமிழ்நாட்டிலிருந்து பெற்றோரை வரவழைப்பவர்களின் கடிதங்களே இந்த மாதம் அதிகம். தென்னாப்பிரிக்காவில் நல்ல வைத்தியம் கிடைக்கும். அதைப் போய்ச் சேர்வதற்குள்தான் சீட்டு, பணம், அளவு என்று ஒவ்வொன்றிலும் ஆள் சிக்கிக்கொள்கிறார்.

திருச்சியிலிருந்து அம்மா (வயது 68) மூன்று மாதம் தங்க வருகிறார். சர்க்கரைக்கு இன்சுலின், பிரஷருக்கு மாத்திரை. மூன்று மாத மருந்தையும் அங்கேயே வாங்கிக் கொண்டுவரச் சொல்லலாமா?
– வாசகி, சாட்ஸ்வொர்த்

வேண்டாம். இங்குள்ள சுங்க விதி, சொந்த உபயோகத்துக்கு ஒரு மாத மருந்தைத்தான் அனுமதிக்கிறது. அதற்கும் மருத்துவரின் கடிதமோ சீட்டோ கையில் இருக்க வேண்டும். ஒரு மாத மருந்து பிரிக்காத அட்டைகளோடு வரட்டும். மீதியை இங்கே வாங்குங்கள்.

திருச்சி மருத்துவர் எழுதிய சீட்டைக் காட்டினால் இங்கே மருந்துக் கடையில் கொடுக்க மாட்டார்கள். இங்கு பதிவு பெற்ற மருத்துவர்தான் எழுத வேண்டும். அம்மா வந்த முதல் இரண்டு வாரத்துக்குள் பக்கத்து ஜி.பி.யிடம் (பொது மருத்துவர்) ஒருமுறை காட்டிவிடுங்கள். ஒரே சீட்டில் ஆறு மாதம் வரை திரும்பத் திரும்ப வாங்கும்படி அவர் எழுதித் தரலாம். மாத்திரை தீர்ந்த வெள்ளிக்கிழமை மாலையில் ஓடுவதுதான் பலரும் செய்வது.

அம்மாவின் சீட்டில் கம்பெனிப் பெயர் மட்டும் இருந்தால் பயனில்லை. மருந்தின் மூலப்பெயரும் மில்லிகிராமும் வேண்டும். ஒரே மாத்திரைக்குள் மூன்று சர்க்கரை மருந்து சேர்ந்த வகைகள் இந்தியாவில் சர்வசாதாரணம். இங்கே அதே கலவை கிடைக்காமல் போகலாம். உள்ளே என்னென்ன, எவ்வளவு என்று தெரிந்தால்தான் ஜி.பி. தனித்தனியாகப் பிரித்து எழுத முடியும்.

இதையெல்லாம் விடப் பெரிய ஆபத்து சிரிஞ்சில் இருக்கிறது. இந்தியாவில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சு சிவப்பு மூடியோடு வரும். தென்னாப்பிரிக்காவில் விற்பது 100 யூனிட் இன்சுலின். சிரிஞ்சு மூடி ஆரஞ்சு. அம்மாவுக்கு 30 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். ஊர்க் குப்பியிலிருந்து இங்கத்திய சிரிஞ்சில் 30 கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 12 யூனிட்தான். சர்க்கரை ஏறிக்கொண்டே போகும், காரணம் புரியாது. இங்கத்திய குப்பியிலிருந்து ஊர் சிரிஞ்சில் 30 கோடு வரை இழுத்தாலோ 75 யூனிட்! மயக்கம், வலிப்பு, உயிருக்கே ஆபத்து. ஊர்க் குப்பி தீரும் நாளில் ஊர் சிரிஞ்சுகளையும் ஒன்று விடாமல் அப்புறப்படுத்துங்கள். பேனா வடிவ இன்சுலின் ஊசியில் போடுகிறவர்களுக்கு இந்தக் குழப்பம் கிடையாது. அதற்குள் பொருத்தும் மருந்துக்குழல் (கார்ட்ரிட்ஜ்) இரண்டு நாட்டிலும் 100 யூனிட்தான். மருத்துவர் சம்மதித்தால் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே பேனாவுக்கு மாறிப் பழகிவிடுவது நல்லது என்பது எங்கள் கருத்து.

ரத்தச் சர்க்கரையின் அளவுமுறையும் வேறு. அம்மா ‘180’ என்பார். இங்கே ‘10’ என்பார்கள். ஊர் எண்ணை 18-ஆல் வகுத்தால் இங்கத்திய எண். 70-க்குக் கீழ் போனால் தாழ்சர்க்கரை என்று ஊரில் சொல்லியிருப்பார்கள். இங்கே அது 3.9. அம்மா தன் மீட்டரையே கொண்டுவரட்டும், மூன்று மாதத்துக்குப் போதுமான சோதனைப் பட்டைகளோடு. அந்த மீட்டருக்குப் பொருந்தும் பட்டை இங்கே கிடைக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம்.

விமானத்தில் இன்சுலின் கைப்பையில்தான் இருக்க வேண்டும். சரக்கறையில் உறைந்துபோகலாம், உறைந்தது உருகினாலும் வேலை செய்யாது. பிரிக்காத இன்சுலின் ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரி. பிரித்ததைப் பொதுவாக நான்கு வாரம் வெளியே வைக்கலாம், ஆனால் டர்பன் வெயிலில் பூட்டிய காருக்குள் அல்ல. நம் கடிகாரம் மூன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. ஊரில் இரவு 9 மணிக்குப் போடும் ஊசி இங்கே மாலை 5.30-க்கு விழும். நீண்ட நேர இன்சுலினை முதல் நாள் ஊர் நேரப்படியே போட்டுவிட்டு, தினம் ஒரு மணி நேரமாகத் தள்ளிக்கொண்டு வருவது வழக்கம். அம்மாவின் மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். சாப்பாட்டுக்கு முன் போடும் ஊசியைச் சாப்பாட்டுத் தட்டு முன்னால் வந்த பிறகு போட்டால் போதும். விமானத்தில் ஆட்டம் வந்தால் பரிமாறுவதைப் பாதியில் நிறுத்திவிடுவார்கள்.

ஊரிலிருந்து அண்ணன் குடும்பம் வருகிறது. டிசம்பரில் நான்கு நாள் குரூகர் பூங்கா. மலேரியாவுக்குக் குளோரோகுயின் கொண்டுவருகிறேன் என்கிறார். போதுமா? அண்ணி ஐந்து மாதக் கர்ப்பம், பையனுக்கு ஆறு வயது.
– வாசகர், லெனேசியா

குளோரோகுயினால் பயனில்லை. இங்குள்ள மலேரியா பெரும்பாலும் ஃபால்சிபாரம் வகை. அது குளோரோகுயினுக்கு அடங்காது. செப்டம்பர் முதல் மே வரை குரூகர், லிம்போபோவின் தாழ்நிலம், குவாசுலு நட்டாலின் வடகோடி ஆகிய இடங்களில் எச்சரிக்கை தேவை. ஜோஹன்னஸ்பர்கிலும் டர்பனிலும் தேவையில்லை.

பெரியவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. தினம் ஒன்று. கிளம்புவதற்கு முதல் நாள் தொடங்கி, திரும்பிய பின் நான்கு வாரம். நான்கு நாள் சுற்றுலாவுக்கு ஒரு மாத மாத்திரையா என்று பலர் வீட்டுக்கு வந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். கிருமி முதலில் ஈரலில் பதுங்கி, பிறகுதான் ரத்தத்துக்கு வருகிறது. டாக்ஸிசைக்ளின் முக்கியமாக ரத்தத்தில்தான் அதைத் தடுக்கும். முன்கூட்டி நிறுத்தினால் சாப்பிட்டதும் வீண். ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி அரைமணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் உணவுக்குழாய் புண்ணாகும். வெயிலில் தோலும் சீக்கிரம் கருகும்.

அடோவாகுவோன்–புரோகுவானில் மாத்திரை ஈரலிலேயே கிருமியைக் கொல்லும். அதனால் திரும்பிய பின் ஏழு நாள் போதும், விலைதான் கூடுதல். கொழுப்புள்ள சாப்பாடு அல்லது பாலோடு எடுக்க வேண்டும். ஆறு வயதுப் பையனுக்கு டாக்ஸிசைக்ளின் கூடாது. எடைக்கேற்ப இந்த இரண்டாவது மாத்திரையை எழுதித் தருவார்கள்.

அண்ணியை டிசம்பரில் குரூகருக்கு அழைத்துப் போகாதீர்கள். கர்ப்பிணிக்கு மலேரியா வந்தால் தாய், பிள்ளை இருவருக்கும் ஆபத்து. யானையும் சிங்கமும் பார்க்கத்தானே? பிலானஸ்பர்க் பூங்காவில் மலேரியா கிடையாது, உங்களுக்குப் பக்கமும்கூட.

மாத்திரை சாப்பிட்டாலும் ஊர் திரும்பிச் சில வாரங்களில் காய்ச்சல் வந்தால், அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. திருச்சி மருத்துவர் டெங்கு என்றுதான் முதலில் நினைப்பார். ‘ஆப்பிரிக்காவில் மலேரியாப் பகுதிக்குப் போய் வந்தேன்’ என்று அண்ணன் தாமே சொல்ல வேண்டும். முதல் சோதனையில் இல்லை என்று வந்தாலும் காய்ச்சல் நீடித்தால் மறுபடி எடுக்க வேண்டும். காய்ச்சலோடு உடம்பில் எங்காவது கறுத்த பொருக்கு இருந்தால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், அதையும் காட்டுங்கள்.

அப்பா வந்திருக்கிறார். ராத்திரியில் நெஞ்சு வலித்தால் எங்கே கொண்டுபோவது? தனியார் ஆஸ்பத்திரியில் முன்பணம் இல்லாமல் சேர்க்க மாட்டார்கள் என்கிறார்கள். அரசு ஆஸ்பத்திரியில் காத்திருந்தே பொழுது விடியும் என்கிறார்கள்.
– கோயில் குருக்கள், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

இரண்டிலும் பாதி உண்மை. உயிர் போகும் அவசரத்தில் சிகிச்சையை மறுக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 27(3) பிரிவு சொல்கிறது. தனியார் ஆஸ்பத்திரியையும் அது கட்டுப்படுத்தும். ஆனால் நிலைமையைச் சீராக்கும் வரைதான் அந்த உரிமை. அதன்பின் வார்டில் சேர்க்க முன்பணமோ, காப்பீட்டுக் கம்பெனியின் உறுதிக் கடிதமோ கேட்பார்கள். இல்லையென்றால் அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்றுவார்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் வந்த வரிசைப்படி பார்ப்பதில்லை, நோயின் அவசரத்தைப் பார்த்துத் தரும் நிற அடையாளத்தின்படிதான். சிவப்பு உடனே, ஆரஞ்சு பத்து நிமிடத்துக்குள், மஞ்சள் ஒரு மணி நேரத்துக்குள், பச்சை நான்கு மணி நேரத்துக்குள் என்பது இலக்கு. விடிய விடியக் காத்திருப்பவர்கள் பெரும்பாலும் பச்சை. நெஞ்சுவலிக்காரர் ‘வாய்வு போலிருக்கிறது’ என்று தாமே நோயைக் குறைத்துச் சொல்லி, பின் வரிசைக்குப் போய்விடக் கூடாது. எப்போது தொடங்கியது, கைக்கோ தாடைக்கோ பரவுகிறதா, வியர்த்ததா, இதை மட்டும் சொல்லட்டும்.

அரசு ஆம்புலன்ஸ் 10177, கைபேசியிலிருந்து 112. தனியார் வண்டிக்கு 082 911 அல்லது 084 124. இரவு வண்டி வர நேரமாகும், ஆகவே வலி தொடங்கியதும் கூப்பிடுங்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமையோ ரத்தக்கசிவோ இல்லாதவர் என்றால் 300 மி.கி. ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்லலாம்.

காப்பீட்டுச் சீட்டின் 24 மணி நேர எண் அப்பாவின் போனில் மட்டும் இருந்தால் போதாது. உங்கள் போனிலும் இருக்கட்டும். ஆம்புலன்சைக் கூப்பிட்ட கையோடு அங்கேயும் சொல்லிவிடுங்கள். தாமதமாகச் சொன்னால் கோரிக்கையை மறுக்க அதையே காரணமாக்குவார்கள். அப்பாவுக்கு ஏற்கெனவே பிரஷர் இருந்தால், ‘முன்பே இருந்த நோய்’ பற்றிய பகுதியைப் பாலிசியில் இன்றே படியுங்கள். மலிவான பாலிசிகள் அங்கேதான் கையை விரிக்கும்.

டர்பனுக்கு வரும் வழியில் நைரோபியில் விமானம் மாறினால் மஞ்சள் காய்ச்சல் ஊசி வேண்டுமா?
– வாசகி, பீனிக்ஸ்

மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டின் விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் தங்கினால் தென்னாப்பிரிக்கா சான்றிதழ் கேட்கும். கென்யாவும் எத்தியோப்பியாவும் அந்தப் பட்டியலில் உள்ளவை. விமானம் தாமதமானால் எட்டு மணி நேரம் பதின்மூன்றாகலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்றிதழ் செல்லும். பிறகு ஆயுளுக்கும் போதும். அறுபது வயது கடந்தவர்களுக்கு இந்த ஊசியின் கடுமையான பக்கவிளைவு சற்று அதிகம். பெற்றோருக்கு டிக்கெட் எடுக்கும்போது துபாய் அல்லது தோஹா வழியைத் தேர்ந்தெடுத்தால் இந்தக் கேள்வியே எழாது.

ஊரிலிருந்து வந்த தங்கை மகனை நாய் கடித்துவிட்டது. இரண்டு ஊசி போட்டாயிற்று. மூன்றாவது ஊசிக்கு முன்பே சென்னை விமானம். என்ன செய்வது?
– வாசகர், டர்பன்

பயணத்துக்காக ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். குவாசுலு நட்டாலில் நாய்களிடையே வெறிநோய் இருக்கிறது. முதல் ஊசி போட்ட நாளைப் பூஜ்யமாக வைத்து 0, 3, 7, 14 ஆகிய நாட்களில் தசையில் போடுவது இங்குள்ள முறை. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனையில் தோலுக்குள் போடும் முறையில் நாள்கணக்கு வேறு. அங்கே குழப்பம் வந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்கத் தேவையில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மருந்தின் பெயர், போட்ட தேதி, தசையிலா தோலிலா, காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் (உடனே பாதுகாப்பு தரும் எதிர்ப்புப்பொருள் ஊசி) போட்டார்களா என்ற நான்கையும் ஆஸ்பத்திரி முத்திரையோடு எழுதி வாங்குங்கள். ரத்தம் வந்த கடியாக இருந்து இம்யூனோகுளோபுலின் போடவில்லையென்றால் இன்றே திரும்பப் போய்க் கேளுங்கள்; முதல் ஊசியிலிருந்து ஏழு நாளுக்குள்தான் அதைப் போட முடியும்.