மாவிலை நோய் சொல்லும் ஆப்பை வைத்து ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பிக்கலாமா?

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் கணினித் துறை உதவிப் பேராசிரியராக இருக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "பிஎச்.டி. முடித்து இரண்டு வருடம் ஆகிறது. மாவிலையைப் போனில் படம் எடுத்தால் என்ன நோய் என்று சொல்லும் ஆப் ஒன்றை மாணவர்களோடு சேர்ந்து செய்கிறேன். சமூகப் பொறுப்புள்ள தொழில்நுட்ப ஆய்வு செய்யும் ஆசிரியர்களுக்கு ஃபெல்லோஷிப் தருவதாகக் கல்லூரிக்கு ஓர் அறிவிப்பு வந்தது. விவசாயிக்குப் பயன்படும் வேலைதானே, இதையே அனுப்பலாமா? வாரம் 20 மணி நேரம் வகுப்பு இருக்கிறது, நேரத்துக்கு என்ன வழி?"

தாராளமாக விண்ணப்பியுங்கள். ஆனால் கேள்வியோடு அனுப்பியிருந்த இரண்டு பக்கச் சுருக்கத்தை அப்படியே அனுப்ப வேண்டாம். எத்தனை படம் சேர்த்தீர்கள், எந்த ஏஐ மாடல், துல்லியம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கிறது. விவசாயி முன்னுரையில் ஒரு தடவை வருகிறார், முடிவுரையில் ஒரு தடவை வருகிறார், நடுவில் ஆளையே காணோம். இப்படிப்பட்ட விண்ணப்பங்களைப் படித்து மதிப்பெண் போடும் வேலையைச் சில வருடங்களாகச் செய்கிறேன், நான் முதலில் தேடுவது அந்த ஆளைத்தான். ஆப் சரியாகச் சொன்னால் யாருக்கு லாபம் என்று எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். தப்பாகச் சொன்னால் அது யார் தலையில் விடியும், அவரிடம் போய்ப் பேசினீர்களா, தப்பு என்று தெரிந்தால் எப்படித் திருத்துவீர்கள் என்பதை எழுதுகிறவர்கள் குறைவு. இந்த வகை ஃபெல்லோஷிப்பில் பொறுப்பு என்ற சொல்லை நான் படிப்பது இந்த அர்த்தத்தில்தான்.

உங்கள் ஊர்த் தோப்பையே எடுத்துக்கொள்வோம். காவேரிப்பட்டணம் பக்கம் பெங்களூரா ரக மாமரங்கள் நிற்கிற ஒரு தோப்பு. நிலத்துக்காரர் டவுனில் இருக்கிறார். பூ விடும்போதே தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர் வேறு ஒருவர். போனில் படம் எடுப்பது அவருடைய பையன். பவர் ஸ்பிரேயர் ஹோஸைப் பிடித்து அண்ணாந்து பார்த்துக்கொண்டு மருந்து அடிக்கிறவர் தினக்கூலிக்கு வந்தவர். இலையெல்லாம் கரி பூசியது மாதிரி கருத்திருக்கிறது. ஆப் அதைப் பார்த்துவிட்டுப் பூஞ்சை நோய், பூஞ்சைக்கொல்லி அடியுங்கள் என்கிறது. பூஞ்சை என்பது சரிதான், ஆனால் அந்தக் கரும்பூஞ்சை வளர்வது தத்துப்பூச்சி விடுகிற தேன் மாதிரியான பிசுபிசுப்பின் மேல். பூச்சி பூங்கொத்தில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், இலைக்கு மருந்து போய்க்கொண்டே இருக்கும். மருந்துச் செலவும் காய்ப்பு குறைந்த நஷ்டமும் குத்தகைக்காரருக்கு, தேவையே இல்லாமல் இன்னொரு தடவை மூச்சில் போன மருந்து கூலிக்காரருக்கு. நிலத்துக்காரருக்குக் குத்தகைப் பணம் முன்னாடியே வந்துவிட்டது, அவருக்கு இந்த விஷயமே தெரியாமல் போகலாம். இப்படி ஒரு பத்தியை, நீங்களே போய் நின்று பார்த்த ஒரு தோப்பை வைத்து, உங்கள் சொந்த வார்த்தையில் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். மருந்து அடிக்கிறவரிடமும் தனியாக உட்கார்ந்து பேசுங்கள், ஏனென்றால் குத்தகைக்காரர் பக்கத்தில் நிற்கும்போது அவர் வாயைத் திறக்க மாட்டார்.

அடுத்தது, நீங்கள் போட்டிருக்கும் 97 சதவீதத் துல்லியம். உங்கள் மாடலுக்கு அடிப்படைப் பயிற்சி பிளான்ட்வில்லேஜ் என்ற இலைப் படத் தொகுப்பில் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் 54,306 படங்கள், 14 பயிர்கள், மா அந்தப் பதினாலில் இல்லை. அந்தப் படங்களை வைத்து 2016-ல் வந்த ஆய்வு 99.35 சதவீதம் காட்டியது. அதே மாடலை வேறு சூழலில் எடுத்த படங்களில் சோதித்தபோது 31 சதவீதம் அளவுக்கு விழுந்துவிட்டது, அதையும் அவர்களே கட்டுரையில் மறைக்காமல் எழுதினார்கள். நீங்களும் அதைச் செய்யுங்கள். இலையைப் பறித்து வெள்ளைத் தாள்மேல் வைத்து எடுத்த படத்தில் எவ்வளவு, மரத்தில் தொங்கும்போது உச்சி வெயிலில் எடுத்த படத்தில் எவ்வளவு, விலை குறைந்த பழைய போனில் எவ்வளவு என்று பிரித்துக் காட்டுங்கள். கிரானைட் லாரி போகிற மண் பாதை ஓரத்துத் தோப்பில் ஒரு நாள் சோதித்துப் பாருங்கள், இலைமேல் படிந்த தூசியை மாடல் சாம்பல் நோய் என்று சொன்னாலும் சொல்லும். எண் குறைந்து தெரிகிறதே என்று பயப்பட வேண்டாம். எங்கே தடுக்கி விழுகிறது என்று தெரிந்து வைத்திருக்கிறவருக்குத்தான் நான் கூடுதல் மதிப்பெண் போடுவேன்.

உங்கள் சுருக்கத்தில் ஓர் இடம் என்னை உண்மையிலேயே கவலைப்பட வைத்தது. எந்தத் தோப்பில் என்ன நோய் என்று மேப் போட்டுப் பொதுவில் வைப்போம் என்கிறீர்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அறுவடைக்கு முன்னால் அந்த மேப் மண்டிக்காரர் கையிலோ கூழ் ஆலைக்கு வாங்குகிறவர் கையிலோ கிடைத்தால், சிவப்புப் புள்ளி விழுந்த தோப்புக்கு விலையைக் குறைத்துக் கேட்பார், அது ஆப்பின் தப்பான கணிப்பாக இருந்தாலும் சரி. பெயர் போடவில்லையே என்று சொல்ல முடியாது, போனில் எடுக்கும் படத்துக்குள்ளேயே பெரும்பாலும் எடுத்த இடம் பதிவாகிவிடுகிறது, இடம் தெரிந்தால் ஆள் தெரிந்துவிடும். 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆய்வுக்கு விலக்கு உண்டு என்று சிலர் தைரியம் சொல்வார்கள். அந்தத் தரவை வைத்துக் குறிப்பிட்ட ஒருவரைப் பற்றி முடிவு எடுக்கக் கூடாது என்பது அந்த விலக்கோடு சேர்ந்த நிபந்தனை. நாளைக்கு ஒரு காப்பீட்டு நிறுவனம் இதே தரவைக் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள் என்பதை இன்றைக்கே எழுதி வையுங்கள். படத்திலிருந்து இடத்தை நீக்கிவிட்டு ஊராட்சி ஒன்றிய அளவில் மட்டும் தொகுத்துக் காட்டலாம், அதுவும் சீசன் முடிந்த பிறகு. சம்மதம் வாங்கும்போது வாயால் சொல்லிப் புரியவைத்து வாங்குங்கள். வேப்பனப்பள்ளி, ஓசூர் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் நிறைய, தமிழில் அச்சடித்த படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் மட்டும் அது சம்மதம் ஆகிவிடாது.

இதையெல்லாம் எந்தச் சட்டகத்தில் அடக்குவது என்று வெளிநாட்டுக் கட்டுரைகளைத் தேடி அலைய வேண்டாம். தமிழ்நாடு அரசு 2020-லேயே பாதுகாப்பான, நெறிசார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கை வெளியிட்டிருக்கிறது. வெளிப்படைத்தன்மையும் தணிக்கையும், பொறுப்பேற்பு, தவறான பயன்பாட்டிலிருந்து பாதுகாப்பு, டிஜிட்டல் இடைவெளி, நெறிமுறை, நியாயம் என்று ஆறு கோணங்களில் ஒரு கருவியை அலசச் சொல்கிறது. உங்கள் ஆப்பை இந்த ஆறிலும் ஓட்டிப் பார்த்து ஒரு பக்கம் எழுதினால் போதும்.

கூட்டாளி யார் என்று கேட்பார்கள். பக்கத்திலேயே பையூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அங்கே பயிர் நோயியல் தெரிந்த ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இலையைப் பார்த்து இது என்ன நோய் என்று உறுதி செய்யும் வேலையைக் கணினித் துறை மாணவர்கள் தலையில் கட்டக் கூடாது. பட்ஜெட்டில் ஜிபியு (மாடலைப் பயிற்றுவிக்க உதவும் கணினிச் சில்லு), லேப்டாப் போக, உங்களோடு பேச வரும் கூலிக்காரருக்கு அன்றைய கூலியையும் ஒரு வரியாகப் போடுங்கள். அரை நாள் வேலையை விட்டுவிட்டு வருகிறவருக்கு டீயும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்புவது நியாயமில்லை.

இந்த ஒரு அறிவிப்பை மட்டும் நம்பி இருக்கவும் வேண்டாம். 2023 சட்டத்தின்படி வந்த ஏஎன்ஆர்எஃப் (ஆய்வுக்கு நிதி தரும் மத்திய அரசு அமைப்பு), அதே வேலையை முன்பு செய்த எஸ்இஆர்பி-யை உள்ளடக்கிக்கொண்டது, அதன் தளத்தில் எந்தத் திட்டத்துக்கு அழைப்பு வந்திருக்கிறது என்று மாதம் ஒரு தடவை பாருங்கள். எஸ்இஆர்பி காலத்தில் டேர் (TARE) என்று ஒரு திட்டம், உங்களைப் போன்ற கல்லூரி ஆசிரியர்களுக்காகவே வைத்தது: சம்பளத்துக்கு மேல் வருடம் 60,000 ரூபாய் ஃபெல்லோஷிப், ஆய்வுக்கு வருடம் 5 லட்சம், மூன்று வருடம், அரசு நிதியில் நடக்கும் ஓர் ஆய்வு நிறுவனத்துக்குப் போய் வந்து வேலை செய்ய வேண்டும். அந்த மாதிரி அழைப்பு வந்தால் உங்கள் தலைப்புக்குப் பெங்களூரு ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் பொருந்தும், மாவில் பல வருட வேலை செய்தவர்கள். மாணவர்கள் செய்கிற பகுதிக்குத் தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் திட்ட உதவியைத் தனியாகக் கேளுங்கள். பணம் தருவது வெளிநாட்டு அமைப்பு என்றால், கல்லூரி அறக்கட்டளைக்கு எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இருக்கிறதா என்று ஆடிட்டரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள், தேர்வான பிறகு பணத்தை வாங்க முடியாமல் தவித்தவர்களை எனக்குத் தெரியும்.

அப்புறம் நேரம். யுஜிசி 2018 விதிமுறைப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம்தான் நேரடி வகுப்பு. நீங்கள் 20 எடுக்கிறீர்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இப்படி ஃபெல்லோஷிப் கிடைத்தால் ஒரு பாடத்தைக் குறைப்பது சாதாரணம், நம் ஊரில் கேட்டால்தான் உண்டு. ஃபெல்லோஷிப் விதி அனுமதித்தால் கௌரவ விரிவுரையாளர் ஒருவரின் சம்பளத்தைப் பட்ஜெட்டில் வைத்துக்கொண்டு, அதைக் காட்டி முதல்வரிடம் பேசுங்கள். எந்தப் பருவத்தில் எந்தப் பாடம் உங்களிடமிருந்து போகிறது, அதை யார் எடுக்கிறார் என்று பெயரோடு கடிதத்தில் வர வேண்டும். "முழு ஒத்துழைப்பு அளிக்கப்படும்" என்ற ஒற்றை வரிக் கடிதத்தைக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடாமல், நீங்களே வாசகத்தை டைப் செய்து கொண்டுபோய் வையுங்கள். கடைசித் தேதிக்கு மூன்று வாரம் முன்னாலேயே இதைத் தொடங்குங்கள், நிர்வாகத்தின் ஒப்புதலும் சேர்ந்து வர அவ்வளவு நாள் ஆகும்.