நிமிர்ந்தவள் கதையும் ஆறு நகல்களும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் அலுவலகத் தோழி, மேலாளர் கொடுக்கும் பாலியல் தொந்தரவைப் பற்றி எச்.ஆரிடம் வாய்மொழியாகச் சொன்னாள். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு மாதம் ஆகிறது. இப்போது ராஜினாமா எழுதி வைத்திருக்கிறாள். இரவில் நாங்கள் இருவரும் போராடி மீண்ட பெண்களின் கதைகளைத் தேடித் தேடி வாசிக்கிறோம். வாசிக்கும்போது நெஞ்சு நிமிர்கிறது, இரண்டே நாளில் வடிந்துவிடுகிறது. பன்வாரி தேவியைப் பற்றி வாசித்து அழுதோம். இப்படி நம்பிக்கை தேடுவது ஒருவகைத் தப்பித்தலா? இல்லையென்றால் இன்னும் பத்துப் புத்தகங்கள் சொல்லுங்களேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பட்டியல் கிடையாது. பத்துப் புத்தகம் வாசித்து முடிப்பதற்குள் உங்கள் தோழிக்கு இருக்கும் கெடு முடிந்துவிடும். தப்பித்தலா என்ற கேள்வியையும் விட்டுவிடுங்கள். நல்ல மனது உள்ளவர்கள் தங்களையே குத்திக்கொள்ள வைத்திருக்கும் ஊசி அது. அழுததில் ஒரு தப்பும் இல்லை. கதையை எந்த இடத்தில் மூடிவைத்தீர்கள் என்பதில்தான் எனக்குக் கோபம்.

பன்வாரி தேவி ராஜஸ்தான் அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் 'சாதின்' என்ற கிராமப் பணியாளர். ஒரு கைக்குழந்தைக்கு நடக்கவிருந்த கல்யாணத்தைத் தடுக்கப் போனார். 1992 செப்டம்பரில் கூட்டு வல்லுறவுக்கு ஆளானார். 1995இல் விசாரணை நீதிமன்றம் வல்லுறவுக் குற்றச்சாட்டிலிருந்து அந்த ஆண்களை விடுவித்தது. அவர் பின்வாங்கவில்லை. முக்கால்வாசிப் பேர் இங்கே ஓர் ஆச்சரியக்குறி போட்டுக் கதையை முடித்துவிடுகிறார்கள். நீங்களும் இங்கேதான் அழுதிருப்பீர்கள்.

அடி தாங்குகிறவளை வியந்து வியந்து, தாங்குவதே அவள் வேலை என்று ஆக்கிவிட்டோம். உங்கள் தோழியும் அப்படித்தான் தன்னை அளந்து பார்த்திருப்பாள்: 'பன்வாரி நின்றார், என்னால் ஒரு மேலாளர் முன்னால் நிற்க முடியவில்லையே.' இரண்டு நாளில் உங்களுக்கு வடிந்துபோவது இதனால்தான்.

கதையின் மறுபாதிக்கு வாருங்கள். பெண்கள் அமைப்புகள் ஒரு சின்ன விஷயத்தைக் கவனித்தன: பன்வாரி வேலை செய்துகொண்டிருந்தார். தன் வேலையைச் செய்ததற்காக அவருக்கு இது நடந்தது. அப்படியானால் வேலை கொடுத்தவருக்குப் பொறுப்பில்லையா? இதைப் பிடித்துக்கொண்டு, அரசமைப்பின் 14, 19, 21 ஆகிய பிரிவுகளைக் காட்டி உச்ச நீதிமன்றம் போனார்கள். அதுதான் விசாகா வழக்கு. விசாகா என்பது ஒரு பெண்ணின் பெயர் என்று நினைப்பவர்கள் உண்டு. வழக்குத் தொடுத்த அமைப்புகளில் ஒன்றின் பெயர் அது. 1997 ஆகஸ்ட் 13 அன்று நீதிபதி வர்மா தலைமையிலான அமர்வு, சட்டம் வரும்வரை இதுவே சட்டம் என்று, வேலையிடத்தில் பாலியல் தொந்தரவைத் தடுக்கும் நெறிமுறைகளை வகுத்தது. சட்டம் வர 2013 ஆயிற்று.

அந்த நெறிமுறைகளில் எனக்கு மிகப் பிடித்தது, கேட்டால் சிரிப்பீர்கள், புகார்க் குழுவில் வெளியாள் ஒருவர் இருக்க வேண்டும் என்ற வரி. மேலிடத்து அழுத்தம் வரக்கூடும் என்று நீதிமன்றம் காரணத்தையும் சேர்த்தே எழுதியிருக்கிறது. ஓர் அலுவலகத்துக்குள் என்னென்ன நடக்கும் என்று தெரிந்து எழுதிய வரி அது. நம்பிக்கை வேண்டுமென்றால் நான் அங்கேதான் போவேன்.

இனி உங்கள் தோழி. எச்.ஆரிடம் வாயால் சொன்னது சட்டத்தின் கண்ணில் புகாரே அல்ல. உள்ளகக் குழுவுக்கு, அதாவது நாம் 'விசாகா கமிட்டி' என்று சொல்வதற்கு, எழுத்தில் போக வேண்டும். கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதம்தான் கெடு. தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் குழு அதைப் பதிவு செய்து இன்னும் மூன்று மாதம் நீட்டலாம். அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். ஆறு நகல்கள், ஆதாரங்கள், சாட்சிகளின் பெயர், முகவரி. கொடுத்ததற்குக் கையெழுத்தோ பதில் மின்னஞ்சலோ வாங்காமல் நகரக் கூடாது.

புகார்கள் பலவும் எழுதுகிற இடத்திலேயே சறுக்குகின்றன. 'அவர் எப்போதும் ஒரு மாதிரி நடந்துகொள்வார்' என்று ஒரு பக்கம் இருக்கும், ஒரு தேதி இருக்காது. ஒவ்வொரு சம்பவத்துக்கும் நாள், நேரம், இடம், அவர் சொன்ன வார்த்தை அப்படியே, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். அருவருப்பில் குறுஞ்செய்திகளை அழித்துவிடுவது இன்னொரு தவறு. அழிக்காமல் இருந்தால் இன்றே படம் எடுத்துத் தன் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவைக்கட்டும்.

குழு யார் யார் என்ற ஆணையை எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டியிருக்க வேண்டும். தலைவர் மூத்த நிலையில் உள்ள பெண்; உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள்; வெளியாள் ஒருவர். பத்துப் பேருக்குக் குறைவான இடமென்றாலோ, புகார் முதலாளி மேலேயே என்றாலோ, மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம். 'பேசித் தீர்த்துக்கொள்ளலாமே' என்று குழு ஆரம்பிக்கக் கூடாது. சமரசத்தை அவள்தான் கேட்க வேண்டும், அதிலும் பணம் பேசக் கூடாது. விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். நிரூபிக்க முடியாமல் போனாலே பொய்ப் புகார் ஆகிவிடாது என்று சட்டமே சொல்கிறது. இதை அவளிடம் இரண்டு தரம் சொல்லுங்கள், பாதிப் பேர் இந்தப் பயத்தில்தான் எழுதாமல் விடுகிறார்கள்.

அவள் ராஜினாமா செய்தாலும் புகார் கொடுக்கலாம். ஆனால் விசாரணை முடியும்வரை தன்னையோ அந்த மேலாளரையோ இடம் மாற்றவும், தன் விடுப்புக் கணக்கில் கை வைக்காமல் மூன்று மாதம்வரை விடுப்புத் தரவும் கேட்கலாமே, அந்த வசதி வேலையில் இருந்தால்தான் பயன்படும். அதனால் அந்தக் கடிதம் மேசைக்குள்ளேயே கிடக்கட்டும்.

இன்று இரவு புத்தகத்துக்குப் பதில் நாட்காட்டியை எடுத்துக்கொண்டு இருவரும் உட்காருங்கள். கடைசியாக நடந்தது எந்தத் தேதி என்று முதலில் கண்டுபிடியுங்கள்.